டையில் சிக்கிய தோட்டா உறை: எந்த லூப் (மசகு) வாங்குவது?

பெர்த்தில் வேலை செய்யும் பினாங்குத் தம்பி ஒருவர், தீபாவளி விடுமுறைக்கு பாயான் லெப்பாஸ் வந்த இடத்திலிருந்து கேட்டிருக்கிறார்: "அங்கே எனக்குத் துப்பாக்கி லைசன்ஸ் இருக்கிறது. .308 ரைபிளின் காலி உறைகளைத் திரும்ப நிரப்பக் கற்றுக்கொள்கிறேன். மூன்றாவது உறையே, அதைப் பழைய அளவுக்கு நெருக்கும் எஃகு அச்சான டையில் சிக்கிக்கொண்டது. எந்த லூப் நல்லது? இங்கே ஆன்லைனில் ஒருவர் 'ராணுவத் தரம்' என்று சின்ன போத்தலை 45 வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்கிறார், வாங்கிக்கொண்டு போகலாமா?"

வாங்காதீர்கள் தம்பி. அந்த ஆளைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். முதலில் உங்கள் டைக்கு என்ன ஆனது என்று பார்ப்போம்.

நான் பினாங்கு மாநிலத்துப் பிறையில் முப்பது வருடம் டை செய்தவன், நடுவில் சில காலம் ஆஸ்திரேலியாவில் கிளப் போட்டிகளில் சுட்டவன். சுடும்போது பித்தளை உறை விரிந்து, துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையான சேம்பரின் சுவரில் ஒட்டுகிறது, பிறகு கொஞ்சம் மட்டும் சுருங்குகிறது. டை அதைப் பழைய அளவுக்கு நெருக்குகிறது. நெருக்கும் அளவு தலைமுடி கனம்தான், ஆனால் அழுத்தம் பெரியது. நடுவில் மசகுப் படலம் இல்லாவிட்டால் பித்தளை எஃகில் ஒட்டிக்கொள்ளும், டையை மாட்டிய அழுத்தும் கருவியின் கைப்பிடியைப் பலமாக இழுத்தால் உறையின் விளிம்பு பிய்ந்து வரும், உறை உள்ளேயே நின்றுவிடும். உங்களுக்கு நடந்தது இதுதான். அதனால் லூப் வழவழப்பாக இருந்தால் மட்டும் போதாது, அழுத்தத்தில் விலகாமல் நிற்க வேண்டும். மெல்லிய ஸ்பிரே எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எல்லாம் விலகிவிடும். டபிள்யூடி-40 அடித்து உறையைச் சிக்கவைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

புதிதாகக் கற்பவருக்கு நான் சொல்வது மெழுகு வகை. இம்பீரியல் சைஸிங் டை வேக்ஸ் போன்றது. விரல் நுனியில் லேசாகத் தொட்டு உறையின் உடம்பில், முக்கியமாக அடிப்பக்கம் தடவுங்கள். உறையின் உடம்பு கழுத்தாகக் குறுகும் தோள்பட்டையில் வேண்டாம். அங்கே சேரும் மசகுக்குப் போக இடம் கிடையாது, அமுங்கவும் அமுங்காது, பித்தளையில் குழி விழுந்துவிடும். குழி தெரிந்தால் அளவு கூடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கழுத்தின் உள்ளேயும் கொஞ்சம் வேண்டும், இல்லாவிட்டால் டையின் நடுவில் கழுத்தை விரிக்க இருக்கும் உருண்டை கழுத்து வழியாக வெளியே வரும்போது கிறீச்சென்று சத்தம் போட்டு அதை இழுத்து நீட்டிவிடும்.

ஒரே நேரத்தில் நூறு இருநூறு உறை செய்கிறவர்களுக்கு லனோலின் (ஆட்டு ரோமக் கொழுப்பு) கலவை வசதி. 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 12 பங்கு, திரவ லனோலின் ஒரு பங்கு. தெளித்து, உருட்டி, ஆல்கஹால் முழுவதும் ஆவியாகும் வரை காத்திருங்கள். ஸ்பிரே லூப் வாங்கினாலும் இதே கதைதான், பொறுமை இல்லாமல் ஈரத்தோடு டைக்குள் விடுவதால்தான் பாதிப் பேருக்குச் சிக்குகிறது.

இப்போது அந்த 45 வெள்ளி போத்தல். லேபிளில் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. இப்படி வந்த ஒரு போத்தலை நானே திறந்து பார்த்தேன், மருந்துக்கடை 70 சதவீத ஆல்கஹாலில் ஏதோ கிரீமைக் கரைத்த வாசனை. மிச்ச 30 சதவீதம் தண்ணீர், லனோலின் அதில் சரியாகக் கலக்கவே கலக்காது, பிரிந்து நிற்கும். நடுவில் நிற்கும் இந்த ஆட்கள் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. "ராணுவத் தரம்" என்ற இரண்டு வார்த்தைக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். அதோடு இப்படிப்பட்ட எரியக்கூடிய திரவத்தையும் ஸ்பிரே டப்பாவையும் விமானத்தில் கொண்டுபோக விடமாட்டார்கள். பெர்த்திலேயே துப்பாக்கிக் கடையில் ஒரு சின்ன டப்பி மெழுகு வாங்குங்கள், வெகுகாலம் வரும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "கார்பைடு (எஃகைவிடக் கடினமான பொருள்) டை வாங்கினால் லூப்பே வேண்டாம்" என்று யாராவது சொல்வார்கள். கைத்துப்பாக்கியின் நேர்ச்சுவர் உறைக்கு அது உண்மை. உங்கள் .308க்கு இல்லை. அதற்குத் தோள் இருக்கிறது, கழுத்து இருக்கிறது. ரைபிளுக்குக் கார்பைடு டை விற்கிறார்கள், விலையும் அதிகம், அதற்கும் லூப் போட்டே ஆக வேண்டும். கார்பைடு என்ற சொல்லைக் கேட்டதும் லூப்பை விட்டுவிடாதீர்கள், ரைபிள் உறை என்றால் லூப் கட்டாயம், டை எதனால் செய்ததாக இருந்தாலும் சரி.

வேலை முடிந்ததும் லூப்பை முழுவதும் துடைத்துவிடுங்கள். மிச்சமிருந்தால் வெடிமருந்தையும் அதைப் பற்றவைக்கும் பிரைமரையும் கெடுக்கும், எண்ணெய் உறை சேம்பரைப் பிடிக்காமல் முழு உதையையும் துப்பாக்கியின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டின் மேல் போடும். பளபளப்புக்கு ஆசைப்பட்டு, வீட்டில் குத்துவிளக்கு தேய்க்கும் அம்மோனியா கலந்த பாலிஷை எடுக்காதீர்கள். அம்மோனியா பித்தளையில் விரிசல் விழ வைக்கும். பிரிட்டிஷ் காலத்து இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயத்துக்குப் பக்கத்தில் வைத்த தோட்டாக்கள் அப்படித்தான் விரிசல் விட்டன.

அப்புறம், ஊருக்கு வரும்போது பையைக் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். ஒரு காலி உறைகூட ஓரத்தில் கிடக்கக் கூடாது. இங்கே மலேசியாவில் 1960 ஆயுதச் சட்டத்தின்படி லைசன்ஸ் இல்லாமல் தோட்டா வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். காலி உறைக்கு என்ன என்று நான் ஒரு கவுண்டரில் கேட்டபோது ஒருவர் பரவாயில்லை என்றார், அடுத்த மேசைக்காரர் கூடவே கூடாது என்றார், எழுதித் தாருங்கள் என்றதும் இரண்டு பேரும் மௌனம். முறையாகக் கேட்கிறவனுக்கு ஒரு காகிதம் தர முடியாதா? அதுவரை உங்கள் அங்கத்திய லைசன்ஸ் இங்கே செல்லாது என்று வைத்துக்கொண்டு, இந்த வேலை முழுவதையும் பெர்த்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

சிக்கிய டையைத் தூக்கிப் போட வேண்டாம். பிரைமர் தள்ளும் கம்பியை முடிந்தவரை மேலே கழற்றிவிட்டு, உறையின் அடியில் பிரைமர் துளை வழியாகத் துளையிட்டு, கால் இஞ்ச், இஞ்சுக்கு 20 மரை வெட்டும் டேப் கருவியால் துளைக்குள் மரை போட்டு, டையின் வாயில் ஒரு சாக்கெட்டை வைத்து அதன் வழியாக போல்ட்டை முறுக்குங்கள். உறை மெதுவாக இறங்கி வரும். வந்ததும் டையின் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள், பித்தளைக் கோடு ஒட்டியிருந்தால் அதை முழுவதும் எடுத்த பிறகுதான் நாலாவது உறை.