என்ன பயிர்?

அன்புள்ள ஐயா,

நான் சிங்கப்பூரில் வீடு வீடாகப் போய்த் தமிழ் டியூஷன் எடுப்பவன். இங்கே வங்கிகளில் மாதச் சம்பளம் வரவானால் இவ்வளவு, கார்டில் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) செலவழித்தால் இவ்வளவு என்று ஒவ்வொரு நிபந்தனைக்கும் கூடுதல் வட்டி தருகிறார்கள். எனக்குச் சம்பளம் கிடையாது. பெற்றோர்கள் பேநவ்வில் (கைப்பேசி வழிப் பணப் பரிமாற்றம்) அனுப்புவதுதான் வருமானம். நண்பர் ஒரு வழி சொன்னார். என் இன்னொரு வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் 1,800 வெள்ளியை எனக்கே அனுப்பி, அனுப்பும் நோக்கம் ‘சம்பளம்’ என்று தேர்ந்தெடுத்தால் போதுமாம். செய்தேன், வட்டி வந்தது. இது ஏமாற்றா, சாமர்த்தியமா? வங்கிகள் அடிக்கிற கொள்ளைக்கு முன்னால் இது எம்மாத்திரம் என்றும் தோன்றுகிறது. மனைவி சிரிக்கிறாள். அப்புறம், இங்குள்ள பிள்ளைகளைத் தமிழ் வாசிக்க வைப்பது எப்படி என்றும் தாங்கள் எழுத வேண்டும்.

ந., ஈசூன்

அன்புள்ள ந.,

பிள்ளைகளை வாசிக்க வைப்பது பற்றி நிறைய எழுதியாயிற்று, தேடிப் படியுங்கள். டியூஷன் வாத்தியாரே தேடிப் படிக்காவிட்டால் பிள்ளைகளைச் சொல்லி என்ன பயன்?

உங்கள் முதல் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். சமீபத்தில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் விவசாய நகைக்கடன், அதாவது பயிர்ச் செலவுக்கென்று நகையை அடகுவைத்துக் குறைந்த வட்டிக்கு வாங்கும் வங்கிக் கடன் பற்றிப் பேச்சு எழுந்தது. அன்றிலிருந்து இதே விஷயம்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் அந்தக் ‘கொள்ளை’ வசனம். மாதம் எழுபது எண்பது வெள்ளிக்குப் புரட்சி வேஷம் கட்டாதீர்கள். வங்கியைப் பழிவாங்கவா நீங்கள் கணக்குத் திறந்தீர்கள்? வட்டிக்குத்தானே? அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஓசிபிசி 360, யூஓபி ஒன் மாதிரிக் கணக்குகளில் அடிப்படை வட்டி வெறும் 0.05 விழுக்காடு. மற்றதெல்லாம் நிபந்தனைக்குக் கிடைக்கும் கூலி. சம்பளம் விழும் கணக்கை யாரும் லேசில் மாற்றமாட்டார்கள். வீட்டுக் கடனுக்கும் காப்பீட்டுக்கும் அங்கேயே போய் நிற்பார்கள். வங்கி விலைகொடுத்து வாங்குவது அந்தப் பழக்கத்தை. எவனோ ஒருவன் ஒரு மாதம் நிபந்தனையை மறந்தால் லாபம் வங்கிக்கு. வக்கீலை வைத்து வரிவரியாக எழுதிய விதி அது. அதை வரிவரியாகப் படித்து, இருக்கிற இடைவெளியில் நீங்கள் புகுந்து வெளியே வந்தால் என் கணக்கில் தப்பே இல்லை. நண்பர்கள் சாப்பிட்ட பில்லை உங்கள் கார்டில் கட்டிவிட்டு அவர்களிடம் ரொக்கம் வாங்கிக்கொண்டு 500 வெள்ளியை எட்டுகிறீர்களா? தாராளமாகச் செய்யுங்கள். செலவழிக்கச் சொன்னார்கள், கார்டு செலவழித்தது.

ஆனால் ‘சம்பளம்’ என்று தேர்ந்தெடுத்தது அந்த வகை இல்லை. அங்கே உங்களிடம் ஒரு கேள்வி கேட்கப்படுகிறது: இது என்ன பணம்? நீங்கள் ஒரு பதில் சொல்கிறீர்கள். இனி நகைக்கடனுக்கு வருகிறேன்.

2012, 13 வாக்கில் திண்டிவனம் பக்கம் ஒரு வங்கிக் கிளைக்குப் பெரியப்பா, பெரியம்மாவுக்குத் துணையாகப் போயிருந்தேன். பெரியப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். அவர் பெயரில் சிட்டா (நில உரிமைக் காகிதம்), கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்துப் போட்ட அடங்கல் (பயிர் விவரக் காகிதம்), பெரியம்மாவின் வளையல்கள். நகை மதிப்பீட்டாளர் வளையலை உரைகல்லில் தேய்த்து, அமிலம் விட்டுப் பார்த்து, எடை போட்டுக்கொண்டிருந்தார். அதிகாரி நிமிராமலே கேட்டார்: “என்ன பயிர்?”

பெரியப்பா பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. “கடலைன்னு போட்டுக்குங்க.”

நிலத்தில் அப்போது உளுந்து இருந்தது. அதுவும் அவர்கள் விதைத்ததில்லை, குத்தகைக்கு விட்டிருந்தார்கள். பயிர்க்கடனுக்கு வட்டி ஏழு சதவீதம், கெடுவுக்குள் திருப்பிக் கட்டினால் அரசு இன்னும் மூன்று சதவீதத்தை ஏற்றுக்கொள்ளும், ஆக நான்கு. வாங்கிய பணம் வாசல்படி தாண்டவில்லை. அடுத்த மேசையில் வைப்புநிதியாகப் போட்டார்கள். அன்றைக்கு அதற்கு ஒன்பதை ஒட்டி வட்டி, மூத்த குடிமக்களுக்கு இன்னும் கொஞ்சம் கூட. நிழலில் உட்கார்ந்தபடி ஐந்து சதவீதம். ஊரில் பாதிப்பேர் செய்தார்கள், வங்கிக்கும் தெரியும். விவசாயக் கடன் இவ்வளவு கொடுத்தாக வேண்டும் என்று மேலிடம் இலக்கு வைத்திருக்கும்போது யார் நிலத்துக்கு நடந்துபோய்ப் பார்ப்பார்கள்?

அதே வருடம் அதே நிலத்தை உழுதவர் மூணு வட்டிக்கு வாங்கினார். மாதம் நூற்றுக்கு மூன்று, வருடத்துக்கு முப்பத்தாறு. வாய்வார்த்தைக் குத்தகை, அவர் கையில் காகிதம் கிடையாது. குத்தகைதாரரைப் பதிவுசெய்ய 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தாயிற்று. பதிவுக்குப் போனால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

யோசித்துப் பாருங்கள். கடலையும் போடாமல் உளுந்தும் போடாமல் காகிதம் மட்டும் வைத்திருந்தவருக்கு நான்கு சதவீதம். வியர்வை சிந்தியவருக்கு முப்பத்தாறு. மேசைக்குப் பின்னால் இருந்தவர், முன்னால் இருந்தவர் எல்லாருமே நல்லவர்கள். பெரியம்மா யார் காசையும் தொடாதவள், கீரைக்காரியிடம்கூடப் பேரம் பேசமாட்டாள். கேட்டால் “எல்லாரும்தான வைக்கிறாங்க” என்பாள். பிறகு 2019-இல் மத்திய அரசு பிடியை இறுக்கியது. கிசான் கிரெடிட் கார்டு (விவசாயிகளுக்கான வங்கிக் கடன் அட்டை) வழியாக வாங்கும் கடனுக்குத்தான் வட்டி மானியம் என்றாகிவிட்டது. வைப்புநிதிக்காரர்களுக்கு என்ன நஷ்டம்? வளையலை மீட்டுக்கொண்டு போனார்கள். காகிதக் கட்டு கனமானது உண்மையில் விதைக்கிறவனுக்கு. குத்தகைக்காரரோ முன்பும் வரிசையில் இல்லை, பின்பும் இல்லை.

உங்கள் விஷயம் இவ்வளவு பெரிதில்லை, எனக்கும் தெரியும். அங்கே போனது வரிப்பணம், இங்கே போவது ஒரு வங்கியின் விளம்பரச் செலவு. அதோடு, உங்களைப் பார்த்தால் எனக்கு அந்தக் குத்தகைக்காரர்தான் ஞாபகம் வருகிறார். வெயிலில் எம்ஆர்டி ரயில் ஏறி இறங்கி, மாலையெல்லாம் பிறத்தியார் பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்துச் சம்பாதிக்கிறவரிடம் ‘உனக்குச் சம்பளம் இல்லை, ஆகவே வட்டி இல்லை’ என்று சொல்வது அற்பமான நிபந்தனை. அதைத் திட்டி வங்கிக்கு நீங்கள் ஒரு கடிதம் போட்டிருந்தால் இங்கே வெளியிட்டிருப்பேன். நீங்கள் போட்டது கடிதம் இல்லை, கடலை.

சம்பளம் என்றால் சிபிஎஃப் (கட்டாயச் சேமநிதி) எங்கே? முதலாளியும் நீங்களே என்றால் முதலாளி பங்கான 17 விழுக்காட்டை உங்களுக்குப் போட்டீர்களா? வருமான வரிக்குச் சுயதொழில் என்று எழுதி மெடிசேவ் (மருத்துவச் சேமிப்பு) மட்டும் கட்டிக்கொண்டு, வங்கியில் மட்டும் மாதம் ஒருநாள் சம்பளக்காரர் ஆகிவிடுகிறீர்கள். மனைவி சிரித்ததற்கு இதுதான் காரணமாக இருக்கும், நல்ல புத்திசாலி.

விதிமுறைகளை ஒருமுறை முழுசாகப் படியுங்கள். சம்பளத்துக்குப் பதிலாக மூன்று ஜைரோ கட்டணம் (கணக்கிலிருந்து தானாகக் கழியும் கட்டணம்) போனாலே கூடுதல் வட்டி கொடுத்த கணக்குகள் உண்டு. மின்கட்டணம், தொலைபேசி, நகர மன்றக் கட்டணம், அவ்வளவுதான். வட்டி கொஞ்சம் குறையும், குறையட்டும். இதுவரை வந்ததைத் திருப்பிக் கொடுத்துவிடவா என்று கேட்டு இன்னொரு கடிதம் மட்டும் போடாதீர்கள். அந்த வங்கியில் அதை வாங்கி வைக்க ஒரு கவுண்டர் இருக்காது.