சிவப்புத் தொப்பியும் டிஸ்சார்ஜ் புக்கும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் வீட்டுப் பெட்டகத்தில் 1931-இல் பர்மாவிலிருந்து வந்த கடிதம் ஒன்று கிடைத்தது. கொண்டுவிக்க (தொழிலுக்காக) அங்கே போன எங்கள் ஐயாவின் (தாத்தாவின்) அண்ணன் எழுதியது. ‘தாராவாடிப் பக்கம் கலகம். கிட்டங்கிக்கு (எங்கள் தொழில் நடந்த கட்டடத்துக்கு) மிலிட்டரி போலீஸ் காவல் போட்டிருக்கிறார்கள்’ என்கிறார். பட்டாளத்தில் சிவப்புத் தொப்பி போட்டு நிற்பார்களே, அவர்களா இவர்கள்?
– கானாடுகாத்தான் வாசகர்

பதில்: இல்லை. பெயர்தான் ஒன்று, ஆட்கள் வேறு. 1886-இல் மேல் பர்மாவை ஆங்கிலேயர் சேர்த்துக்கொண்ட பிறகு, அங்கே அமைதி காக்கத் துப்பாக்கி ஏந்திய பட்டாலியன்களை அமைத்தார்கள். பர்மா மிலிட்டரி போலீஸ் என்பது அதுதான். பஞ்சாபியரும் கூர்க்காக்களும்தான் அதில் மிகுதி. அணிவகுப்பும் ஆயுதமும் பட்டாளம் மாதிரி இருந்தாலும், அது ராணுவத்தைச் சேர்ந்ததல்ல, போலீஸ் நிர்வாகத்தைச் சேர்ந்தது. 1930 டிசம்பரில் தாராவாடியில் சயா சான் என்பவர் தலைமையில் கலகம் வெடித்தபோது அதை அடக்க அனுப்பப்பட்டவர்களில் இவர்களும் உண்டு. உங்கள் கடிதத்தின் ஆண்டும் ஊரும் இதோடு அப்படியே பொருந்துகின்றன. 1937-இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்ததும் இந்தப் படையின் பட்டாலியன்கள் பலவற்றைக் கொண்டு பர்மா ஃப்ரான்டியர் ஃபோர்ஸ் உருவானது. பிற்காலக் கடிதங்களில் அந்தப் பெயர் வந்தால் குழம்ப வேண்டாம்.

சிவப்புத் தொப்பிக்காரர்கள் ராணுவத்துக்குள்ளேயே இருக்கும் காவலர்கள். சிப்பாய்களின் ஒழுங்கு, வண்டிப் போக்குவரத்து, போர்க்கைதிகள் ஆகியவை அவர்கள் பொறுப்பு. இந்திய ராணுவத்தில் இதற்கான முதல் பிரிவு 1939 ஜூலையில்தான் திரட்டப்பட்டது. 7-ஆம், 11-ஆம் குதிரைப்படை ரெஜிமென்ட்களிலிருந்து ஆள் எடுத்து, எகிப்துக்குப் புறப்பட்ட 4-ஆவது இந்திய டிவிஷனோடு அனுப்பினார்கள். ஆகவே பழைய காகிதத்தில் ‘மிலிட்டரி போலீஸ்’ என்று கண்டால் முதலில் தேதியைப் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: எங்கள் ஐயா 1943-இல் பட்டாளத்தில் சேர்ந்து 1946-இல் ஊர் திரும்பினார். மிலிட்டரி போலீஸில் இருந்ததாகவும் சிவப்புத் தொப்பி போட்டிருந்ததாகவும் அப்பத்தா சொல்வார்கள். ஆனால் முகப்பில் மாட்டியிருக்கும் படத்தில் தொப்பி கறுப்பாக இருக்கிறது. எது சரி? அவர் இருந்த யூனிட்டின் வரலாற்றைத் தெரிந்துகொள்ள வழி உண்டா?
– பள்ளத்தூர் வாசகி

பதில்: அப்பத்தா சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள். அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் புழங்கிய ஒருவகைக் கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்குச் சிவப்பு நிறம் சரியாகப் பிடிபடாது. நல்ல சிவப்பும் அதில் கறுப்பாகவே விழும். எனவே தொப்பியை வைத்து முடிவு செய்ய முடியாது. மேல்கையில் பட்டை கட்டியிருக்கிறாரா, அதில் எம்.பி. என்ற இரண்டு எழுத்து தெரிகிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். தோள்பட்டையில் இருக்கும் பித்தளை எழுத்தும் முக்கியம்.

படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றும்போது அவசரம் வேண்டாம். மழைக்கால ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். ஒட்டியிருந்தால் கழற்றாமல், பக்கவாட்டு வெளிச்சத்தில் கண்ணாடி வழியாகவே படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டாமல் வந்தால் முன்புறம் பின்புறம் இரண்டையும் 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். பின் அட்டையில் ஸ்டூடியோ முத்திரை இருந்தால் அது பொக்கிஷம். ஜலந்தரா, ராஞ்சியா, பெங்களூரா என்று அவர் இருந்த ஊரை அதுவே சொல்லிவிடும்.

பதக்கங்கள் இருந்தால் தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். நம் வீடுகளில் பித்தளை என்றாலே கை புளிக்குப் போகும். சில பதக்கங்களின் விளிம்பிலோ பின்புறத்திலோ எண்ணும் பெயரும் மெல்லியதாகப் பொறித்திருக்கும், நாலு தடவை தேய்த்தால் அது அழிந்துவிடும். உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றினால் போதும். ஆறு முனை நட்சத்திரத்தில் கருநீலம், சிவப்பு, ஆரஞ்சுப் பட்டை ரிப்பன் இருந்தால் அது பர்மா ஸ்டார். 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரை அந்தப் போர்முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது.

எல்லாவற்றுக்கும் மேல் டிஸ்சார்ஜ் புக், அதாவது பட்டாளத்திலிருந்து விடுபடும்போது கொடுத்த ஏடு. அதில் பட்டாள எண், ரேங்க், கோர், சேர்ந்த தேதி, விடுபட்ட தேதி இருக்கும். எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டால் பெயரால் தேட வேண்டும். அங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். சிவகங்கை மாவட்டம் 1985-இல் பிறந்தது. பழைய ஏட்டில் உங்கள் ஊர் ‘ராம்நாட்’ மாவட்டத்தில்தான் இருக்கும். தகப்பனார் பெயர் இனிஷியலாக இல்லாமல் முழுப் பெயராகவும் எழுதப்பட்டிருக்கலாம். ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் எழுதிய குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். எனவே மூன்று நான்கு எழுத்துக்கூட்டல்களையும் விண்ணப்பத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

விண்ணப்பம் பெங்களூரில் உள்ள மிலிட்டரி போலீஸ் கோரின் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு. சிவகங்கையில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் முதலில் போய்க் கேளுங்கள், கடிதம் எழுத உதவுவார்கள். நீங்கள் பேத்தி என்பதைக் காட்டும் ஆவணம், ஐயாவின் இறப்புச் சான்று, டிஸ்சார்ஜ் புக்கின் நகல் மூன்றையும் இணையுங்கள். மூலத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

இனி யூனிட் வரலாறு. கோர் வேறு, யூனிட் வேறு. ‘மிலிட்டரி போலீஸ் கோர்’ என்பது முழு அமைப்பு. ஐயா வேலை பார்த்தது ஏதோ ஒரு டிவிஷனின் புரோவோஸ்ட் யூனிட்டாக (மிலிட்டரி போலீஸ் பிரிவாக) இருக்கும். அதன் எண்ணோ டிவிஷனின் எண்ணோ தெரிந்தால்தான் மேலே போக முடியும். போர்க்காலத்தில் யூனிட்கள் மாதாமாதம் எழுதிய நாட்குறிப்புகள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பர்மா, தென்கிழக்கு ஆசியா என்றால் டபிள்யூ.ஓ. 172 வரிசை, எகிப்துப் பக்கம் என்றால் டபிள்யூ.ஓ. 169. ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்: அவற்றில் சிப்பாய்களின் பெயர் அபூர்வம். எந்த நாளில் யூனிட் எங்கே இருந்தது, எந்தப் பாலத்தில் எந்தச் சந்திப்பில் ஆள் நிறுத்தியது என்றுதான் இருக்கும். அதை அலட்சியமாக நினைக்க வேண்டாம். ஒற்றை வண்டி மட்டுமே போகக்கூடிய மலைச்சாலையில், இரண்டு முனையிலும் ஆள் நின்று, ஒரு பக்கத்து லாரி வரிசை முழுதாக வெளியேறியது உறுதியான பின்தான் மறுபக்கம் திறப்பார்கள். இடையில் ஒரு லாரி பழுதானால் அதைப் பள்ளத்துப் பக்கம் ஒதுக்கிவிட்டாவது வழியைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் முன்னணிக்குக் குண்டும் அரிசியும் போகாது. உங்கள் ஐயா நின்ற வேலை அதுவாக இருந்திருக்கலாம்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகள் வழிப் பேரன் அங்கே ஆர்மி ரிசர்வ் மிலிட்டரி போலீஸில் சேர்ந்திருக்கிறான். கம்பெனி வேலையும் பார்க்கிறான். அவன் அனுப்பிய யூனிட் வரலாற்றில், யூனிட் இரண்டு மூன்று தடவை ‘செத்துப் பிழைத்த’ மாதிரி எழுதியிருக்கிறது. புரியவில்லை.
– தேவகோட்டை வாசகர்

பதில்: ‘ரிசர்வ்’ என்றதும் நமக்கு ஆயுதப்படை போலீஸ் நினைவுக்கு வரும். இது அதுவல்ல. வழக்கமாக மாதம் ஒரு சனி ஞாயிறு, ஆண்டுக்கு இரண்டு வாரம் பயிற்சி. ஆணை வந்தால் முழுநேரப் பணி. தொடக்கப் பயிற்சி மிசௌரி மாநிலத்தில் ஃபோர்ட் லியனார்ட் வுட்டில், சுமார் 20 வாரம். பணிக்கு அழைக்கப்பட்டால் கம்பெனி வேலையைக் காக்க 1994-இல் வந்த சட்டம் இருக்கிறது. பொதுவாக மொத்தம் ஐந்து ஆண்டு வரை அது செல்லும். ஆனால் புறப்படுமுன் முதலாளியிடம் தெரிவிக்க வேண்டும், திரும்பியதும் உரிய கெடுவுக்குள் வேலை கேட்க வேண்டும். பேரனிடம் இந்த இரண்டையும் நினைவூட்டுங்கள்.

வரலாற்றுத் தாளில் சில சொற்களுக்குத் தனிப் பொருள் உண்டு. ‘கான்ஸ்டிட்யூட்டட்’ என்றால் யூனிட் காகிதத்தில் பிறந்தது, ஆள் ஒருவர்கூட இல்லாமல் இருக்கலாம். ‘ஆக்டிவேட்டட்’ என்றால் ஆளும் தளவாடமும் வந்தன. ‘இன்ஆக்டிவேட்டட்’ என்றால் ஆட்கள் கலைந்தார்கள், பெயரும் எண்ணும் பட்டியலில் காத்திருக்கின்றன. நீங்கள் செத்துப் பிழைத்ததாக நினைத்தது இதைத்தான். ‘டிஸ்பேண்டட்’ என்று வந்தால்தான் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். தாளில் ‘ஆர்கனைஸ்டு ரிசர்வ்ஸ்’ என்று தொடங்கி 1948-இல் ‘ஆர்கனைஸ்டு ரிசர்வ் கோர்’ என்றும் 1952-இல் ‘ஆர்மி ரிசர்வ்’ என்றும் மாறும். யூனிட் மாறவில்லை, அமைப்பின் பெயர்தான் மாறியது. மிலிட்டரி போலீஸ் அங்கே நிரந்தரக் கோராக ஆனது 1941 செப்டம்பர் 26-இல்.

ரிசர்வ் யூனிட்டின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். 2003-இல் ஈராக்கின் அபு கிரைப் சிறையில் கைதிகளுக்கு நடந்த கொடுமையில் சிக்கியது ஒரு ரிசர்வ் மிலிட்டரி போலீஸ் கம்பெனி, 800-ஆவது மிலிட்டரி போலீஸ் பிரிகேடின் கீழ் இருந்தது. சிறைக்காவலுக்குப் போதிய பயிற்சி தரப்படவில்லை, ஊர் திரும்பியவர்களுக்குப் பதில் ஆள் வரவில்லை, மேற்பார்வை இல்லை என்று ஜெனரல் தகுபாவின் 2004 விசாரணை அறிக்கை பதிவு செய்தது. செய்தவர்களின் குற்றத்தை இது குறைக்காது. ஆனால் ஒரு வேலைக்குத் தயாரான யூனிட்டை வேறு வேலைக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சாட்சி வேண்டாம்.

கேள்வி: நம் ஊர் மிலிட்டரி போலீஸ் பொதுமக்களைக் கைது செய்யலாமா?
– புதுவயல் வாசகர்

பதில்: 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 107-ஆவது பிரிவு அவர்களுக்குத் தரும் கைது அதிகாரம், அந்தச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள்மீது மட்டுமே. அதிலும் ஓர் அதிகாரியைக் கைது செய்ய இன்னோர் அதிகாரியின் ஆணை வேண்டும். தாமாகத் தண்டிக்கும் உரிமையும் இல்லை.

கேள்வி: வேலையை விடாமல் நம் ராணுவத்தில் பகுதிநேரமாகச் சேர வழி உண்டா? பெண்கள் மிலிட்டரி போலீஸில் சேரலாமா?
– கோட்டையூர் கல்லூரி மாணவி

பதில்: முதல் கேள்விக்கு டெரிட்டோரியல் ஆர்மி. 1948 சட்டத்தால் அமைந்து, 1949 அக்டோபர் 9-இல் கவர்னர் ஜெனரல் ராஜாஜியால் தொடங்கி வைக்கப்பட்டது. திருச்சியிலும் கோவையிலும் அதன் காலாட்படை பட்டாலியன்கள் இருக்கின்றன. இரண்டாவது கேள்விக்கும் ஆம். 2019-இல் பெண்களுக்கு வழி திறந்தது. பெங்களூரில் 61 வாரம் பயிற்சி முடித்த முதல் அணியின் 83 பேர் 2021 மே 8-இல் வெளியே வந்தார்கள். ஆள்சேர்ப்பு அறிவிப்பு ராணுவத்தின் இணையதளத்தில் வரும். ஓட்டத்துக்கு இப்போதே பழகத் தொடங்குங்கள்.