மினிமம் டியூ மட்டும் கட்டி வந்தால் கார்டு கடன் எப்போதுதான் தீரும்?

இரண்டு கிரெடிட் கார்டுகளில் பாக்கி இருக்கிறது, மினிமம் டியூவை, அதாவது மாதாமாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகையை, ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டுகிறேன், ஆனாலும் கடன் குறையவில்லை, பெர்சனல் லோன் எடுத்து அடைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே நிலையில் இரண்டு வருடம் இருந்தவன் நான். அதனால் லோனுக்கு முன்னால் அந்த மினிமம் டியூவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு ராத்திரி பழைய ஸ்டேட்மென்ட்களைத் தரையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் வட்டி என்று போட்டிருந்த வரியை மட்டும் பேனாவால் வட்டமிட்டேன். கூட்டிப் பார்த்தால், நான் கட்டியதில் பாதிக்கு மேல் அந்த வட்டங்களுக்குள்ளேயே போயிருந்தது. சரியாகக் கட்டுகிறோம் என்ற நிம்மதியில் இரண்டு வருடமாக அதைக் கவனிக்கவே இல்லை.

நீங்களும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பாக்கி 1,00,000, வட்டி மாதம் 3 சதவீதம், மினிமம் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் வட்டி சேர்ந்து 1,03,000 ஆகும். அதில் 5 சதவீதம் 5,150. அதைக் கட்டினால் அசலில் கழிவது 2,150தான். அடுத்த மாதம் பாக்கி கொஞ்சம் இறங்கும், கூடவே மினிமமும் இறங்கும். அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம். இப்படியே 30 மாதம் கட்டினாலும் 52,000 போல மீதி நிற்கும். ஸ்டேட்மென்ட்டில் என்ன தொகை வந்தாலும் சரி என்று அதே 5,150ஐ மாதாமாதம் கட்டிக்கொண்டே வந்தால், அந்த 30 மாதத்தில் கடன் முழுவதும் முடிந்துவிடும். முதல் மாதம் கட்டியதைவிட ஒரு காசுகூட அதிகமாகப் போடவில்லை, கவனியுங்கள்.

இந்தக் கணக்கு பலிக்க ஒரு நிபந்தனை உண்டு. பாக்கி தீரும்வரை அந்தக் கார்டில் எதுவும் வாங்கக் கூடாது. முழுத் தொகையையும் டியூ தேதிக்குள் கட்டுகிறவர்களுக்குத்தான் வட்டியில்லாக் காலம். பாக்கி வைத்தவர்களுக்குப் பெரும்பாலான கார்டுகளில் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். கார்டைப் போட்டு ரொக்கம் எடுப்பது இதைவிட மோசம், அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு.

உங்களிடம் இரண்டு கார்டு இருப்பதால், வட்டி குறைந்ததற்கு மினிமம் கட்டிவிட்டு, கையில் மிஞ்சுவதை எல்லாம் வட்டி அதிகமான கார்டில் போடுங்கள். சின்னப் பாக்கியை முதலில் முடித்தால் மனதுக்குத் தெம்பு வரும் என்பார்கள். அது உண்மைதான், ஆனாலும் நான் வட்டியைத்தான் பார்ப்பேன்.

சரி, லோன். வட்டி உண்மையிலேயே குறைவாக இருந்தால் எடுக்கலாம், தப்பில்லை. ஆனால் ஃபிளாட் வட்டியா, குறையும் பாக்கிக்கு வட்டியா என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஃபிளாட்டில், பாதி அசலை அடைத்த பிறகும் முழுத் தொகைக்குத்தான் வட்டி. 12 மாதத் தவணையில் 12 சதவீத ஃபிளாட் என்றால், குறையும் பாக்கிக் கணக்கில் அது 21 சதவீதத்தைத் தாண்டும். செயல்பாட்டுக் கட்டணம் எவ்வளவு, முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் லோன் எடுத்துக் கார்டை அடைத்தேன். ஆனால் காலியான கார்டைப் பர்சிலேயே வைத்திருந்தேன். ஆறே மாதத்தில் லோனும் இருந்தது, கார்டிலும் பாக்கி ஏறியிருந்தது. நீங்கள் அடைத்த அன்றே லிமிட்டைக் குறைக்கச் சொல்லுங்கள்.

கடனில் இருக்கும்போது வரும் அழைப்புகளிடம் ரொம்ப ஜாக்கிரதையாக இருங்கள். வட்டியைக் குறைத்துத் தருகிறோம், உடனடி லோன் தருகிறோம் என்று பேசுவார்கள். அப்புறம் ஓடிபி கேட்பார்கள், இல்லையென்றால் திரையைப் பகிரும் ஆப் ஒன்றைப் போடச் சொல்வார்கள். பணக் கவலையில் தூக்கம் இல்லாதபோது யார் பேச்சும் ஆறுதலாகத்தான் கேட்கும், எனக்கும் கேட்டது. இணைப்பைத் துண்டித்துவிட்டு, கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். ஏதாவது ஒரு மாதம் கட்ட முடியாது என்று தெரிந்தாலும் அதே எண்தான். டியூ தேதி தாண்டுவதற்கு முன்பே கூப்பிட்டு, பாக்கியைத் தவணையாக மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள்.