கல் ஜன்னல் சட்டத்தை ஒட்டி வெளிப்பூச்சு ஏன் வெடிக்கிறது? சுத்தமாகப் பூசுவது எப்படி?

பெங்களூரில் பல வீடுகளின் ஜன்னல், கதவைச் சுற்றி சாதரஹள்ளி கல் (அந்தப் பக்கத்துச் சாம்பல் நிற கிரானைட்) சட்டம் இருக்கும். அதைத் தொட்டபடி பூசினால் சில மாதங்களில் மயிரிழை விரிசல் விழும். கிரானைட் தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது, அதனால் கலவைக்குப் பிடிப்பு இல்லை. எவர்சில்வர் தட்டில் காய்ந்த மாவு பெயர்கிற மாதிரிதான். வெயிலில் கல் ஒரு அளவு விரியும், பூச்சு வேறு அளவு விரியும். மழை அந்த இடுக்கில் நுழைந்து உள்சுவரை ஓதமாக்கும்.

அதனால் இடைவெளியை நாமே நேராக விட்டுவிட வேண்டும். முதலில் கல்லின் ஓரத்தில் மாஸ்கிங் டேப். பிறகு சட்டத்தை ஒட்டி 10 மி.மீ. மரப்பட்டியை எண்ணெய் தடவி நிறுத்தி, 1:4 (சிமென்ட்:மணல்) கலவையில் இரண்டு கோட்டாக (12 மி.மீ., பின் 8) பூசுங்கள். பூச்சு கல் முகத்தைவிட 5 மி.மீ. உள்ளே நின்றால் ஓரம் எடுப்பாகத் தெரியும். இரண்டாவது கோட் இறுகத் தொடங்கியதும் பட்டி, டேப் இரண்டையும் எடுத்துவிட வேண்டும். காய்ந்தபின் இழுத்தால் ஓரம் சில்லு சில்லாக உடையும், கொத்தனார்கள் அவசரத்தில் கோட்டை விடுவது இங்கேதான். ஏழு நாள் தண்ணீர் விட்டு, நன்றாகக் காய்ந்ததும் பட்டி இருந்த காடியில் ஃபோம் கயிறு திணித்து, அதன்மேல் பியூ (பாலியூரித்தேன்) சீலன்ட் வைத்து அடைத்துவிடுங்கள். சாதாரண சிலிக்கான் வேண்டாம், பெயின்ட் ஒட்டாது.

கல்லில் சிமென்ட் பட்டால் ஆசிட் போட்டுக் கழுவலாம் என்பது தவறு: கல்லிலுள்ள இரும்பு மஞ்சள் கறையாக வெளிவரும். ஈரமாக இருக்கும்போதே ஸ்பாஞ்சால் துடையுங்கள்.