பரம்பரை ரத்தக் கோளாறுகள் நம் நாட்டில் எத்தனை பேருக்கு இருக்கின்றன? (கேள்வி பதில்)

இருபத்திரண்டு வருடம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள் நான். அதில் பெரும்பகுதி தலசீமியா, சிக்கிள் செல் பரிசோதனைகள்தான். தலசீமியாவில் உடல் ஹீமோகுளோபினைப் போதிய அளவு செய்யாது; சிக்கிள் செல்லில் சிவப்பணு அரிவாள்போல் வளைந்துவிடும். டாக்டர் இல்லை என்பதால் மருந்து, அளவு எதுவும் கேட்க வேண்டாம். மற்றதைக் கேளுங்கள்.

ஈரோட்டிலிருந்து: இந்தியாவில் எத்தனை சதவீதம் பேருக்குத் தலசீமியா? ஒரு இடத்தில் நான்கு சதவீதம் என்கிறார்கள், இன்னொரு இடத்தில் வருடத்துக்குப் பத்தாயிரம் குழந்தைகள் என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. ஆனால் இரண்டும் வேறு வேறு கணக்கு.

பீட்டா தலசீமியா மரபணுவை ஒரு பக்கம் மட்டும் சுமப்பவர் கேரியர். ரிப்போர்ட்டில் 'மைனர்' அல்லது 'ட்ரெய்ட்' என்று வரும். இவர்களுக்கு நோய் இல்லை; பலருக்குத் தெரியவே தெரியாது. இந்தியாவில் இவர்கள் சராசரியாக 3 முதல் 4 சதவீதம், அதாவது சில கோடிப் பேர். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்துவிட்டால் அது 'மேஜர்'. அந்தக் குழந்தைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். அப்படி வருடத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல் குழந்தைகள் பிறப்பதாகக் கணக்கு.

நூற்றுக்கு நான்கு பேர் கேரியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவன், மனைவி இருவருமே கேரியராக அமைய 625 ஜோடிக்கு ஒன்று. அவர்களுக்குப் பிறப்பதில் நான்கில் ஒன்றுக்கு மேஜர். ஆக 2,500 பிறப்புக்கு ஒன்று. கேரியர் நூற்றுக்கு ஒருவர்தான் என்றால் அதே கணக்கு 40,000 பிறப்புக்கு ஒன்று ஆகிவிடும்.

அதனால்தான் நாட்டுச் சராசரியை வைத்துப் பேசினால் எனக்குச் சங்கடமாக இருக்கும். சிந்திகள், பஞ்சாபிகள், குஜராத்தி லோகாணாக்கள், வங்காளிகள் இவர்களிடம் கேரியர் விகிதம் சராசரியைவிட அதிகம். வடகிழக்கில் ஹீமோகுளோபின் ஈ என்ற வேறு வகை. சில போடோ சமூகங்களில் பாதிப் பேருக்கு அது உண்டு. ஈ மட்டும் இருந்தால் பெரிய தொந்தரவு இல்லை, பீட்டா தலசீமியாவோடு சேர்ந்தால் நோய். தமிழ்நாட்டில் மொத்தத்தில் குறைவு, ஆனால் சில சமூகங்களில், சில ஊர்களில் கூடுதல். உங்கள் வீட்டில் இருக்கிறதா என்பதற்கு எந்தச் சதவீதமும் பதில் சொல்லாது. ரத்தத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

கூடலூரிலிருந்து: எங்கள் பக்கம் சிக்கிள் செல் முகாம் நடக்கிறது. மலைவாழ் மக்களுக்கு மட்டும் ஏன்?

நல்ல கேள்வி. இந்தியாவில் இது முதலில் பதிவானதே நீலகிரியில்தான். 1952இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் அங்கே பழங்குடி மக்களின் ரத்தத்தில் கண்டார்கள். அதே வருடம் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் தெரிய வந்தது. இன்றைக்கும் இருளர், குறும்பர், பணியர் மக்களிடம் அதிகம் பார்க்கிறோம்.

காரணம் மலேரியா. ஒரு பக்கம் மட்டும் சிக்கிள் மரபணு இருப்பவர்களைக் கொடிய மலேரியா அவ்வளவாகக் கொல்வதில்லை. காட்டு மலேரியா தலைமுறை தலைமுறையாக இருந்த இடங்களில் அந்த மரபணு தங்கிவிட்டது. தலசீமியாவைப் பற்றி இந்த யோசனையை 1949இல் சொன்னவர் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஹால்டேன். பின்னாளில் இந்தியாவுக்கே குடிவந்து 1964இல் புவனேஸ்வரத்தில் இறந்தார். சிக்கிள் செல்லுக்கு இதை 1954இல் ஆலிசன் ஆப்பிரிக்காவில் காட்டினார். ஆக அந்த மக்களிடம் ஏதோ குறை என்று யாராவது பேசினால் தயவுசெய்து மறுத்துச் சொல்லுங்கள்.

முகாமில் நாங்கள் செய்வது எளிது. குழாயில் ஒரு கரைசல், அதில் விரல் நுனியிலிருந்து எடுத்த கொஞ்சம் ரத்தம். குழாய்க்குப் பின்னால் கறுப்புக் கோடு போட்ட வெள்ளைத் தாள். சில நிமிடத்தில் கோடு தெளிவாகத் தெரிந்தால் இல்லை. கரைசல் கலங்கிக் கோடு மறைந்துவிட்டால் சிக்கிள் இருக்கிறது. கேரியரா நோயா என்று இது சொல்லாது. அதற்கு எச்பிஎல்சி, அதாவது ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் பரிசோதனை வேண்டும். முகாமில் 'பாசிட்டிவ்' என்றதும் அழுதுவிடுகிறார்கள். பெரும்பாலும் அது கேரியர்தான், அடுத்த ரிப்போர்ட் வரும்வரை பொறுங்கள்.

மத்திய அரசின் திட்டம் 2023 ஜூலை 1 அன்று தொடங்கியது. தமிழ்நாடு உட்பட 17 மாநிலங்களில் 40 வயது வரை 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது அப்போது வைத்த இலக்கு. பரிசோதனை முடிவு எழுதிய அட்டை கொடுத்தால் பத்திரமாக வையுங்கள்.

திருப்பூரிலிருந்து: ஹீமோகுளோபின் 9.5. பேரீச்சம்பழம் சாப்பிட்டால் தலசீமியா சரியாகுமா?

பேரீச்சம்பழம் மரபணுவை மாற்றாது. அது இருக்கட்டும், தலசீமியா என்று யார் சொன்னது? நம் மாநிலத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அதில் பெரும்பங்கு பரம்பரைக் கோளாறு இல்லை, இரும்புச்சத்துக் குறைவுதான். முதலில் சிபிசியும் (ரத்த அணுக்களின் எண்ணிக்கை, அளவு) ஃபெரிட்டினும் (உடலில் உள்ள இரும்புச் சேமிப்பு) பாருங்கள்.

இதை எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: ஃபெரிட்டின் பார்க்காமல் மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்காதீர்கள். ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். ஒரு மருத்துவமனையில் இரண்டு வருடம் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், ஹீமோகுளோபின் நகரவே இல்லை. அவள் சிபிசியில் எம்சிவி, அதாவது சிவப்பணுவின் சராசரி அளவு, 64, சிவப்பணு எண்ணிக்கையோ 5.8. அணுக்கள் சின்னதாக, ஆனால் ஏராளமாக. தலசீமியா மைனரில் பெரும்பாலும் இப்படித்தான் வரும். முதல் நாளே அந்த இரண்டு எண்ணையும் யாராவது பார்த்திருக்க வேண்டும். கர்ப்பிணிகள் மட்டும் டாக்டர் கொடுத்ததைத் தாங்களாக நிறுத்தக் கூடாது.

சேலத்திலிருந்து: பீட்ரூட்?

மேலே பாருங்கள்.

மதுரையிலிருந்து: இதெல்லாம் சொந்தத்தில் கட்டுவதால் வருவது. வடக்கே கோத்திரம் பார்த்துக் கட்டுகிறார்கள், அங்கே இல்லை.

இல்லை சார். பஞ்சாபியும் சிந்தியும் பெரும்பாலும் மாமன் மகளைக் கட்டுவதில்லை. அங்கேதான் தலசீமியா அதிகம். கோத்திரம் மாறினாலும் சாதி மாறுவதில்லை. நூறு வருடமாக அதே வட்டத்துக்குள் சுற்றினால் மரபணுவும் அங்கேயே சுற்றும்.

தேனியிலிருந்து: அப்படிச் சொல்லுங்கள்! எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக அக்கா மகளைத்தான் கட்டுகிறோம். ஒரு குறையும் இல்லை.

தம்பி, உங்கள் பக்கமும் நான் பேசவில்லை. கணக்கைப் பாருங்கள். ஒரு பெண் கேரியர். ஊரில் நூற்றுக்கு ஒருவர் கேரியர் என்றால், அவள் அசலில் கட்டுபவர் கேரியராக இருக்க நூற்றில் ஒரு வாய்ப்பு. மாமன் மகனையோ அத்தை மகனையோ கட்டினால் எட்டில் ஒன்று. தாய்மாமனையே கட்டினால் நான்கில் ஒன்று. உங்கள் வீட்டில் அந்த மரபணு இல்லாமல் இருந்திருக்கலாம், அதனால் ஒன்றும் வரவில்லை. மரபணு உள்ள வீட்டில் இதே கல்யாணம் வேறு கதை.

மதுரையிலிருந்து மறுபடியும்: அப்போது தடை செய்ய வேண்டும் என்று நேரடியாகச் சொல்லுங்களேன்.

சொல்ல மாட்டேன். பாட்டி சொத்தும் உறவும் பார்த்து முடித்த கல்யாணத்தைக் குற்றமாக்கினால் அந்தக் குடும்பம் ரத்தம் கொடுக்கவே வராது. சைப்ரஸில் ஏழு பேருக்கு ஒருவர் கேரியர். அங்கே திருச்சபையே கல்யாணத்துக்கு முன் பரிசோதனைச் சான்று கேட்டது. யாரையும் கட்டக் கூடாது என்று சொல்லவில்லை. தெரிந்து கட்டுங்கள் என்றது. இன்று அங்கே மேஜர் குழந்தை பிறப்பது மிக அரிது. நான் கேட்பது அவ்வளவுதான். சொந்தமோ அசலோ, முதலில் டெஸ்ட். இதற்கு மேல் இந்தச் சண்டையை இங்கே வளர்க்க வேண்டாம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

நாகர்கோவிலிலிருந்து: ஹீமோஃபீலியா எங்கள் வம்சத்திலேயே இல்லை, மகனுக்கு எப்படி வந்தது?

ஹீமோஃபீலியா என்பது ரத்தம் சரியாக உறையாத நோய். மூன்றில் ஒரு பங்கு பேருக்கு அப்படித்தான், புதிதாக மரபணு மாறி வருகிறது. ஹீமோஃபீலியா ஏ ஆண் குழந்தைகளில் 5,000க்கு ஒன்று. ஆஸ்பிரின் வேண்டாம், தசையில் ஊசி வேண்டாம். வேலூர் சிஎம்சியில் மரபணு சிகிச்சை ஐந்து பேருக்குச் செய்து 2024இல் வெளியிட்டார்கள். இன்னும் எல்லோருக்கும் வரவில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஹீமோஃபீலியா, தலசீமியா, சிக்கிள் செல் மூன்றும் உண்டு. சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள்.

சென்னையிலிருந்து: பாம்பே குரூப் ரத்தம் நோயா?

இல்லை. அது அரிய ரத்த வகை, அவ்வளவுதான்.

கரூரிலிருந்து: முருங்கைக்கீரை, கறுப்பட்டி?

கீரை சாப்பிடுங்கள், நல்லது. மரபணுவை அது மாற்றாது. இதே கேள்வி இனி வந்தால் பதில் எழுத மாட்டேன்.

கோவையிலிருந்து: மகளுக்கு ஹீமோகுளோபின் ஏ2 5.1 என்று வந்திருக்கிறது, மைனர் என்கிறார்கள். தை மாதம் கல்யாணம். நிறுத்துவதா?

நிறுத்த வேண்டாம் அம்மா. மகள் ஆரோக்கியமாகத்தான் இருக்கிறாள். ஏ2 என்பது ஹீமோகுளோபினில் ஒரு வகை, மைனரில் அது வழக்கத்தைவிடக் கூடும், அவ்வளவுதான். மாப்பிள்ளைக்கு சிபிசியும் எச்பிஎல்சியும் எடுக்கச் சொல்லுங்கள். ஏ2 3.5க்குள் இருந்து, எம்சிவியும் சரியாக இருந்து, ஈ, சிக்கிள் போன்றவையும் இல்லை என்றால் பிள்ளைகளுக்கு மேஜர் வரும் பயம் அநேகமாக இல்லை. மகளைப் போல மைனர் வரலாம். 3.5க்கும் 4க்கும் நடுவில் வந்தால் அல்லது அவருக்கு இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் ரத்தவியல் டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். அவரும் கேரியர் என்றாலும் வழி இருக்கிறது: கர்ப்பம் 10 முதல் 12 வாரத்தில் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்க்கலாம். மாப்பிள்ளை வீட்டில் மறைக்காதீர்கள், ரிப்போர்ட்டை நீங்களே கையில் கொடுத்துச் சொல்லுங்கள். ரிசல்ட் வரச் சில நாள் ஆகும், அதனால் இந்த வாரமே அவரை ரத்தம் கொடுக்கச் சொல்லிவிடுங்கள்.