ஹட்டனில் திறக்கும் சிறிய சுப்பர் மார்க்கெட்டுக்கு மர இறாக்கையா, இரும்பு இறாக்கையா?

தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை நீடிக்கும் இலங்கை மலையக நகரான ஹட்டனில், இறாக்கையின் விலையைப் பார்க்கும் முன் ஈரலிப்பைத்தான் கருத வேண்டும். மரத்தில் பூஞ்சணம் படரும், பூச்சில்லாத இரும்பு துருப்பிடிக்கும்; ஆகவே பவுடர் பூச்சிட்ட இரும்பு இறாக்கையே என் தெரிவு. அதைச் சுவரோடு ஒட்டாமல் காற்றுப் புகுமளவு தள்ளி நிறுத்தி, கோதுமை மா, சீனி, அரிசி மூட்டைகளை வெறுந்தரையில் வைக்காமல் பலகைகளின் மேல் அடுக்கினால், மழையில் சுவர் கசிந்தாலும் பொருள் தப்பும். எண்ணெய்ப் போத்தல் போன்ற கனமானவை கீழ்த்தட்டுக்கு உரியவை. சவர்க்காரத்தைத் தேயிலைக்கு அருகில் ஒருபோதும் வைக்காதீர்கள். தேயிலை பிற மணங்களை விரைவில் உறிஞ்சிக்கொள்ளும். சம்பள நாளில் தேயிலைத் தோட்டங்களிலிருந்து குடும்பமாக வருவோர் மூட்டையும் பிள்ளையுமாக ஒருவரையொருவர் தாண்டிச் செல்ல வேண்டியிருப்பதால், ஓர் இறாக்கையைக் கைவிட நேர்ந்தாலும் நடைவழியின் அகலத்தை 4 அடிக்கும் குறைவாக்க வேண்டாம்.