நெரிசலில் நின்றால் நிற்கும் ஏசி: கம்ப்ரஸரை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: மண்டபத்தில் கடலோரமாகக் குடியிருக்கிறோம். ஏழு ஆண்டுகள் ஓடிய கார் ஒன்றை வாங்கினேன். ராமநாதபுரம் போகும்போது ஏசி நன்றாகக் குளிர்கிறது; ராமேஸ்வரம் நெரிசலில் நின்றால் ‘டக்’கென்ற ஓசையோடு கம்ப்ரஸர் நின்று, வெக்கைக் காற்று வருகிறது. இருமுறை கேஸ் ஏற்றிய பணிமனையில், இப்போது கம்ப்ரஸரையே மாற்ற 24,000 ரூபாய் கேட்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஓட்டத்தில் குளிர்வதும் நின்றால் அணைவதும் கம்ப்ரஸர் தேய்ந்ததன் அறிகுறியாகத் தெரியவில்லை.

கம்ப்ரஸரை என்ஜினோடு இணைக்கும் கிளட்ச்சுக்கு மின்சாரத்தை நிறுத்துபவை பெரும்பாலும் இரண்டு. கூலிங் காயிலில் உள்ள சென்சார், காயிலில் பனி உறையாதபடி 3, 4 டிகிரி செல்சியஸ் அளவில் அதை நிறுத்திவிட்டு, சற்று வெப்பம் ஏறியதும் மீண்டும் இயக்கும்; அது இயல்பான ஓட்டம். கேஸ் குழாயில் உள்ள பிரஷர் சுவிட்ச், அழுத்தம் ஏறத்தாழ 30 பிஎஸ்ஐக்குக் கீழே இறங்கினாலும், 400 பிஎஸ்ஐ அளவைத் தாண்டினாலும் கம்ப்ரஸரைக் காப்பதற்காக நிறுத்தும். இந்த எண்கள் காருக்குக் கார் சற்று மாறும்.

உங்கள் காரில் அழுத்தம் மேல் எல்லையைத் தொடுகிறது என்றே கருதுகிறேன். கேஸின் வெப்பத்தை வெளியேற்றுவது, காரின் முன்புறம் உள்ள கண்டன்சர். ஓடும்போது எதிர்க்காற்று அதைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது அந்த வேலை முழுவதும் விசிறியின் தலையில் விழுகிறது; வெப்பம் சரியாக வெளியேறாவிட்டால் அழுத்தம் ஏறும். முன்கிரில் வழியாக கண்டன்சரின் மெல்லிய தகடுகளை விரலால் தொட்டுப் பாருங்கள்: உப்புக்காற்று தின்ற தகடு வெண்பொடியாக உதிரும். பிறகு, கார் நின்றபடி ஏசி ஓடும்போது, விசிறியில் கை படாமல், கண்டன்சரின் மீது ஒரு குவளை நல்ல தண்ணீரை ஊற்றுங்கள். கம்ப்ரஸர் நிற்காமல் ஓடி, குளிர்ச்சி திரும்பினால், கோளாறு கண்டன்சரிலோ விசிறியிலோதான் இருக்கிறது.

இருமுறை ஏற்றிய கேஸே நிலைமையை மோசமாக்கியிருக்கலாம், ஏனெனில் அளவு மிஞ்சினால் அழுத்தமும் ஏறும். என்ஜின் அணைந்த நிலையில் மீட்டரைப் பார்த்துக் கேஸ் குறைவு என்று சொல்வதை நம்ப வேண்டாம்: 30 டிகிரி வெப்பத்தில் கார் ஏசிகளில் பரவலாக உள்ள ஆர்134ஏ கேஸ், குழாயில் சிறிது திரவம் மிஞ்சியிருக்கும் வரை, பாதி இருந்தாலும் முழுதும் இருந்தாலும் ஏறத்தாழ 97 பிஎஸ்ஐயே காட்டும். ஆகவே பழைய கேஸை வெளியே எடுத்து எடை போட்டு, வாக்குவம் செய்து (குழாயில் உள்ள காற்றை உறிஞ்சி எடுத்து), பானட்டின் உட்புற ஸ்டிக்கரில் உள்ள கிராம் அளவில் நிரப்பச் சொல்லுங்கள். அந்த எடையை பில்லிலும் எழுதி வாங்குங்கள். பில் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். 1915 என்ற உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

கண்டன்சரை மாற்ற நேர்ந்தால், ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். புதிய கண்டன்சருக்கும் உப்பு விடாது என்பதால், வாரம் ஒருமுறை அதை நல்ல தண்ணீரால் மெதுவாக அலசிவிடுங்கள்.